துவிச்சக்கரவண்டியின் வயது



இலக்கியத் தொடரிலே சைக்கிளுக்கு என்ன வேலை என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நான் தமிழ் படிப்பிக்கிறவன். உயர்தர வகுப்பிலே ஆண்டுதோறும் ஒரு பாடம் வரும். ஒரு பழைய நூலின் காலத்தை எப்படி நிச்சயிப்பது, அகச்சான்று எது, புறச்சான்று எது, இடைச்செருகலை எவ்வாறு கண்டுகொள்வது என்பதே அந்தப் பாடம். தொல்காப்பியத்தின் காலம் பற்றி அறிஞர்கள் இன்றுவரை ஒருமுகப்படவில்லை என்று நான் சொன்னதும் பின்வரிசையிலே கொட்டாவி தொடங்கிவிடும். ஒருமுகப்படாத விஷயத்துக்குப் பரீட்சையில் எத்தனை புள்ளி என்று கேட்ட மாணவரும் உண்டு.

ஆகவே சில வருடங்களாக நான் வேறொரு வழியைக் கையாண்டு வருகிறேன். வகுப்பறைக்கு வெளியே ஒரு பழைய சைக்கிளை நிறுத்திவிட்டு, "இதன் வயதைச் சொல்லுங்கள்" என்பேன். சொந்தக்காரர் சொன்னதை நம்பலாமா? வண்டியிலே எழுதியிருப்பதை நம்பலாமா? எந்த உறுப்பு முதலிலிருந்தே இருந்தது, எது பின்னாலே வந்து ஏறியது? இந்தக் கேள்விகளை ஒரு சைக்கிளிடம் கேட்கப் பழகியவனுக்கு ஓர் ஏட்டுச்சுவடியிடம் கேட்பது கடினமாயிராது. சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, கையிலே கிடைத்த ஏடுகளை வைத்துக்கொண்டு செய்த வேலையும் அடிப்படையில் இதுதான். எந்த வரி ஆசிரியனுடையது, எந்த வரி ஏடெழுதியவனுடையது என்று பிரித்தறிகிற வேலை.

முதலிலே பெயரைப் பார்ப்போம். தமிழ்நாட்டார் மிதிவண்டி என்பர். நாங்கள் எழுதும்போது துவிச்சக்கரவண்டி என்றும் பேசும்போது சைக்கிள் என்றும் சொல்லுவோம். துவி என்பது இரண்டு, சக்கரம் சக்கரமேதான். வடமொழியும் தமிழும் கலந்த இந்த நீண்ட சொல் பொலிஸ் முறைப்பாட்டிலும் உள்ளூராட்சி அறிவித்தலிலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. தெருவிலே அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தெருவிலே இன்னொரு வகைச் சொல் இருந்தது. எங்கள் தகப்பன்மார் காலத்திலே "சைக்கிளை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்வது குறைவு. "றலியை எடு", "ஹம்பரிலே போட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். கொம்பனியின் பெயரே வீட்டு உறுப்பினரின் பெயர்போல் ஆகிவிட்டிருந்தது.

இந்தப் பெயர்களெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவை. நொட்டிங்காம் நகரிலே றலி வீதி என்ற தெருவிலிருந்த ஒரு சிறு பட்டறையை பிராங்க் பௌடன் என்ற செல்வர் 1880களின் இறுதியில் வாங்கிப் பெருக்கினார். தெருவின் பெயர் வண்டிக்கு வந்தது. பௌடன் குடும்பத்தின் சின்னத்திலே இருந்த நாரையின் தலை, பெடலோடு சுற்றும் பெரிய பற்சில்லிலே, அதாவது செயின்வீலிலே, வெட்டுவேலையாக ஏறிற்று. ஹம்பர் வண்டியின் செயின்வீலைப் பார்த்தால் ஐந்து சிறிய மனிதர் கைகோத்து ஓடுவதுபோல் இருக்கும். றட்ஜ் வண்டியிலே விரித்த ஒரு கை. பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்காம் நகரத்து ஆயுதக் கொம்பனி. 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கியவர்கள் பின்னர் சைக்கிளுக்கு வந்தார்கள். அதனாலே அவர்களுடைய முத்திரை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துவக்குகள். வர்ணம் போய், எழுத்து அழிந்து, துருப்பிடித்துக் கிடக்கிற வண்டியிலும் செயின்வீல் தன் பெயரைச் சொல்லும். எழுத்தறியாதவரும் வாசிக்கக்கூடிய எழுத்து அது.

சின்னத்தைக் கண்டு இன்ன வண்டி என்று சொல்லிவிடலாம். வயது சொல்வதற்கு அது போதாது. ஏனென்றால் கொம்பனிகள் ஒன்றையொன்று விழுங்கின. ஹம்பர் சைக்கிளை 1932இல் றலி வாங்கிக்கொண்டது. றட்ஜ் 1943இல் றலியிடம் போயிற்று. பி.எஸ்.ஏ. சைக்கிள் 1957இல் போயிற்று. ஹேர்குலிஸ், பிலிப்ஸ் ஆகியவற்றை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ற்ஸ் குழுமத்தோடு 1960இல் றலியும் இணைந்துவிட்டது. றலி திறமா, ஹேர்குலிஸ் திறமா என்று எங்களூர்ச் சந்திகளிலே வாக்குவாதப்பட்டவர்கள், 1960க்குப் பிறகு ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் சண்டை பிடித்தார்கள்!

இந்த விழுங்கல்கள் காலத்தைக் கணிக்க உதவும். றலிக்காரர்கள் ஓர் அங்குலத்துக்கு 26 என்ற கணக்கிலே தமது புரியை வெட்டினார்கள். மற்ற ஆங்கிலக் கொம்பனிகளின் வழக்கம் அங்குலத்துக்கு 24. பெடல் அச்சுச் சுழலும் இடத்திலும் ஹாண்டில் கழுத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். ஆகவே ஒரு ஹம்பரைக் கழற்றிப் பார்க்கையில் உள்ளே இருப்பது றலியின் புரி என்றால், அந்த வண்டி 1932க்கு முற்பட்டதாயிருக்க முடியாது. மேலே ஹம்பர் என்ற பெயர், உள்ளே நொட்டிங்காமின் கை. நூலிலே சொல்வதானால், ஆசிரியர் பெயர் பழையது, மொழிநடை புதியது.

இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகமல்ல. தெமட்டகொடையிலே பேஸ்லைன் வீதிக்கு அண்மையில், புகையிரத எஞ்சின் கொட்டகைப் பக்கம் போகிற வழியிலே, ஒரு நானா சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். அவருக்கு எழுபது வயதிருக்கும். எஞ்சின் கொட்டகை வேலையாட்களின் சைக்கிள்கள் வரிசையாய் வந்து நின்ற காலத்தைக் கண்டவர். ஒருமுறை ஒரு பழைய வண்டிக்கு டாம் வீதியிலிருந்து புதிய கப் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கையிலே எடுத்துப் பார்க்காமலே, "சேர், இது ஏறாது. இது றலிட புரி. அவனுக்கு அவன்ட புரிதான்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நான் பிறகு எத்தனையோ புத்தகம் புரட்டினேன். அவர் சொன்னதற்கு மேலாக அதிகம் கிடைக்கவில்லை.

இனி நேரடியாகவே திகதி எழுதப்பட்ட இடத்துக்கு வருவோம். ஹென்றி ஸ்ரேமி, ஜேம்ஸ் ஆச்சர் என்ற இருவரின் பெயராலே வழங்கும் ஸ்ரேமி ஆச்சர் என்ற மூன்று வேக ஹப், இந்த நூற்றாண்டின் அல்ல, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே, 1902இல் உருவானது. வசதியுள்ளவர்களின் வண்டியிலே அது இருக்கும். டொக்டர், விதானையார், தலைமை ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சில்லின் நடுவிலேயுள்ள அந்த உருளையை மண்ணெண்ணெய்த் துணியாலே துடைத்தால் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துத் தெரியும். அந்த வகை 1936இல் வெளிவந்தது. பக்கத்திலே சில எண்கள் இருக்கும். 51 என்றும் 4 என்றும் இருந்தால், 1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் செய்த ஹப் அது. யுத்தத்துக்கு முற்பட்டவற்றிலே ஒற்றை எண் மட்டும் இருப்பதுண்டு. 8 என்றால் 1938. சில்லிலேயே மின்சாரம் உண்டாக்குகின்ற டைனோஹப்பிலும் இவ்வாறே திகதி அடித்திருப்பார்கள். தமிழிலே கல்வெட்டுக்கு ஆட்சியாண்டு எவ்வளவு உதவியோ அவ்வளவு உதவி இது.

ஆனால் இங்கேதான் ஆள் ஏமாறுகிற இடமும் இருக்கிறது. அந்தத் திகதி ஹப்பின் திகதி. சைக்கிளின் திகதி அல்ல. ஹப் செய்த மாதமும் சைக்கிள் பூட்டிய மாதமும் வேறாகலாம். பூட்டிய சைக்கிள் பெட்டியிலே ஏறி, சுயெஸ் வழியாகக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, கடைக் களஞ்சியத்திலே கிடந்து, ஒருவர் கைக்குப் போவதற்குள் அடுத்த வருடமும் பிறந்துவிடலாம். ஆகவே ஹப் சொல்வது, இந்தச் சில்லு இதற்கு முன்னர் இருந்திருக்க முடியாது என்பது மட்டுமே. அதற்கும் மேலே, சில்லு என்பது சைக்கிளிலே மிகச் சுலபமாக மாறுகிற உறுப்பு. ஹப்பிலே அடித்த எண்ணை மாத்திரம் பார்த்துவிட்டு வண்டிக்கு வயது சொல்பவர், பிற்காலத்தார் பாடிச் சேர்த்த ஒரு செய்யுளை வைத்து நூல் முழுவதற்கும் காலம் சொல்பவரைப் போன்றவர்.

அதனாலே ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியோடு மோதவிட வேண்டும். ஆங்கில வண்டிகளிலே முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி என்பது நெடுங்கால வழக்கம். இரண்டிலும் 36 என்றிருந்தால் ஒரு சில்லாவது பிற்காலத்தது, அல்லது வேறு நாட்டது என்று சந்தேகிக்கலாம். மினுக்கத்தைப் பாருங்கள். 1920களின் இறுதி வரையும் ஹாண்டிலுக்கும் றிம்முக்கும் நிக்கல்தான் பூசினார்கள். அதிலே மெல்லிய மஞ்சட் சாயல் இருக்கும். பிறகு வந்த குரோமியம் நீலம் கலந்த வெள்ளை. இரண்டாம் உலக யுத்தக் காலத்திலே குரோமியம் தட்டுப்பாடு. ஹாண்டிலும் பெடற்கட்டையும்கூடக் கறுப்பு மையோடே வெளியே வந்தன. கறுப்பு ஹாண்டிலைக் கண்டு, "பாவம், யாரோ பெயின்ற் அடித்துக் கெடுத்துவிட்டான்" என்று சுரண்டி மினுக்கியவர்களை எனக்குத் தெரியும். யுத்தத்தின் கையெழுத்தைச் சுரண்டிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

பி.எஸ்.ஏ.யில் இன்னொரு சிக்கல். அவர்கள் முழுச் சைக்கிள் மட்டும் விற்கவில்லை. உறுப்புகளையும் தனியாக விற்றார்கள். எத்தனையோ சிறு பட்டறைக்காரர்கள் அந்த உறுப்புகளை வாங்கித் தங்கள் சட்டத்திலே பூட்டி விற்றார்கள். ஆகவே மூன்று துவக்கு முத்திரை ஓர் உறுப்பிலே இருப்பதால் வண்டி முழுவதும் பி.எஸ்.ஏ. என்று சொல்ல முடியாது. மேலும் 1949இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரிலே டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டபின் ஹேர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற அதே பெயர்களோடு வண்டிகள் இந்தியாவிலும் உருவாயின. ஆசன்சோலிலே சென்-றலி. ஆகவே "எங்கட அப்புவின்ரை இங்கிலாந்துச் சைக்கிள்" என்று பெருமையோடு காட்டப்படுகிற வண்டி, பாக்கு நீரிணைக்கு அப்பால் பிறந்ததாகவும் இருக்கலாம். அதிலே ஒரு குறைவும் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் தேநீர் வராது.

அமெரிக்காவிலே பழைய சைக்கிள் சேகரிப்போருக்கும் இதே தலையிடிதான். அங்கே கடைக்காரர்கள் தங்கள் பெயரையே வண்டியின் நெற்றித் தகட்டிலே பொறிப்பித்து விற்றமையால், தகட்டைக் கண்டு செய்தவரை அறிய முடியாது. சட்டத்தின் வளைவையும் செயின்வீலின் வெட்டையும் அடியிலுள்ள இலக்கத்தையும் பார்த்தே சொல்ல வேண்டும். சிக்காகோவிலே 1895இல் தொடங்கிய ஸ்வின் என்ற பெரிய கொம்பனியின் பழைய இலக்கப் பதிவுகள் 1948இலே தீயில் அழிந்ததாகச் சொல்வார்கள். அதே கொம்பனி 1976இலிருந்து நெற்றித் தகட்டிலே நான்கு இலக்கம் அடித்தது. முதல் மூன்றும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது, கடைசி வருடத்தின் ஈற்றிலக்கம். 1237 என்றிருந்தால் 1977ஆம் ஆண்டின் 123ஆம் நாள், அதாவது மே மாதம் 3ஆம் திகதி. இவ்வளவு நேர்மையாகத் திகதி போட்ட ஏடெழுதுவோர் நமக்கு வாய்த்திருந்தால் எத்தனை சண்டை மிஞ்சியிருக்கும்!

நமது நாட்டுக்கே உரிய ஒரு புறச்சான்றும் உண்டு. சைக்கிளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் வருட வரி அறவிட்டு, ஆண்டு பொறித்த சிறு தகடு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பழைய தகரப்பெட்டிகளிலே இவை இன்னும் கிடைக்கின்றன. பிரதேச சபைகளின் வரி அறிவித்தல்களை வாசிப்பது எனக்கொரு பொழுதுபோக்கு. தொழிலுக்குப் பாவிக்கும் துவிச்சக்கரவண்டிக்கு 18 ரூபா, மற்றதற்கு 4 ரூபா, கைவண்டிக்கு 10 ரூபா, யானைக்கு 50 ரூபா என்று ஒரே பட்டியலிலே போகும். யானைக்குத் தகடு எங்கே கட்டுவார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டிலே யாராவது அந்தத் தகட்டை எறியாமல் வைத்திருந்தால், அந்த ஆண்டிலே அந்த வீட்டிலே ஒரு சைக்கிள் இருந்தது என்பதற்குச் சாட்சி. எந்தச் சைக்கிள் என்பதற்கல்ல.

யாழ்ப்பாணத்துச் சைக்கிளின் கதை தனிக்கதை. தொண்ணூறுகளிலே பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை, மின்சாரமும் இல்லை. கலியாண வீட்டுக்கும் சைக்கிள், ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாலே சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துவிடுவார். நான் அப்போது சிறுவன். எங்கள் வீட்டிலே தமிழோசைக்குச் சுற்றுவது என் முறை. இன்று இந்த ஒலிவாங்கியின் முன்னால் இருந்து பேசும்போது, கேட்கிறவர் யாரும் கை நோகச் சுற்றவேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததை நேயர்களில் பலர் அனுபவித்திருப்பீர்கள். அந்தச் சன நெரிசலிலே சைக்கிளை ஓட்ட முடியாது. சுமை ஏற்றி உருட்டலாம். அரிசி மூட்டை, பாய், கிழவி, குழந்தை, சாமிப்படம் எல்லாம் அதிலே வந்தன. எத்தனையோ வண்டிகள் பாரம் தாங்காமல் வழியிலே விடப்பட்டன. அவற்றிலே ஒன்றைப் பற்றியே இப்போது சொல்லப் போகிறேன்.

தெமட்டகொடையிலே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. கணவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் வேர்க்சொப்பிலே வேலை செய்தவர். 1954இலே ஹம்பர் சைக்கிள் ஒன்று வாங்கினாராம். கலியாணத்துக்குப் பிறகு அம்மாவைக் கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் அதிலேதான் ஏற்றிக்கொண்டு திரிந்தார். 1990இலே ஊரை விட்டு மானிப்பாய்ப் பக்கம் வந்தார்கள், சைக்கிளும் வந்தது. 1995இலே பாலத்தைத் தாண்டிக் கைதடியிலே பின்சில்லு நெளிந்து போயிற்று. ஒரு வேலியோடு சாத்திவிட்டு, சுமையைத் தலையிலே ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. 1998இலே கணவர் காலமானார்.

சென்ற வருடம் மகன் ஊருக்குப் போனவிடத்தில், பழைய இரும்பு எடுப்பவர் ஒருவரிடம் ஹம்பர் ஒன்று கிடப்பதைக் கண்டார். கைதடிப் பகுதியிலே எடுத்தது என்று அவர் சொன்னாராம். மகன் பேரம் பேசாமலே வாங்கி, புகையிரதத்திலே கொழும்புக்கு அனுப்பிவிட்டார். தாயார் கண்டதும், "இது அவற்றை சைக்கிள்தான்" என்று ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மகனுக்கு மட்டும் மனத்திலே ஒரு ஐயம். "சேர், நீங்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று என்னிடம் வந்தார்.

நானாவின் கடையிலே வைத்துப் பார்த்தோம். தாயாரும் வந்து ஒரு கதிரையில் இருந்தார். செயின்வீலிலே ஐந்து மனிதர் இருந்தார்கள். முன் போர்க் ஹம்பருக்கேயுரிய இரட்டைக்குழாய்ப் போர்க். உள்ளே றலியின் புரி. முன்சில்லுக்கு 32 கம்பி. இதுவரை எல்லாம் சரி. பின்சில்லு ஸ்ரேமி ஆச்சர். நானா துணியாலே துடைக்கத் துடைக்க 57 என்ற எண் வந்தது. மகன் என் முகத்தைப் பார்த்தார். 1954இலே வாங்கிய வண்டியிலே 1957ஆம் ஆண்டுச் சில்லு எப்படி? ஆனால் இதை வைத்து இல்லையென்று சொல்ல முடியாது என்றேன். அவர்களுடைய பின்சில்லு கைதடியிலே நெளிந்துபோன சில்லு. அந்த வண்டியை எடுத்தவர் யாராயிருந்தாலும் வேறு சில்லு போட்டுத்தானே ஓடியிருப்பார்? 1957 என்ற எண் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்தச் சாட்சியை அப்படியே ஒதுக்கிவிட்டோம். மகனுக்கு மூச்சு வந்தது.

சீற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை; அது புதியது. பெல்லும் அப்படியே. மாற்ற முடியாத உறுப்பு சட்டம் ஒன்றுதான். சட்டத்திலே, சீற் குழாயின் கழுத்திலே தொழிற்சாலை இலக்கம் இருந்தது. ஆனால் அவர்களுடைய வண்டியின் இலக்கம் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. இருந்த கடதாசிகளெல்லாம் 1990இலேயே போய்விட்டன. அப்போது நான் தாயாரிடம், "அம்மா, ஐயா இந்தச் சைக்கிளிலே ஏதாவது வேலை செய்தவரோ, ஒட்டினது, வெட்டினது?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஓம் தம்பி. வேர்க்சொப்பிலை எழுத்து அடிக்கிற உளி இருந்தது. தன்ரை பேரின்ரை முதலெழுத்தை இங்கிலிசிலை அடியிலை அடிச்சவர். பெடல் சுத்துற குழாய்க்குக் கீழை. களவு போனாலும் பிடிக்கலாம் எண்டு" என்றார்.

நானா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். அந்த இடத்திலே வருடக்கணக்கான மண்ணும் கிறீசும் மூன்று நான்கு பூச்சுப் பெயின்ரும் கல்லுப்போல் இறுகிக் கிடந்தன. அரைமணி நேரம் மண்ணெண்ணெய் போட்டு ஊறவிட்டு, மெல்ல மெல்லச் சுரண்டினார். முதலிலே சிவப்பு, பிறகு பச்சை, பிறகு கறுப்பு, பிறகு இரும்பு. இரும்பு சுத்தமாக இருந்தது. எழுத்து இல்லை. அரத்தாலே தேய்த்த அடையாளமும் இல்லை; தொழிற்சாலைக் கறுப்பு மை குழாயைச் சுற்றி உடையாமல் முழுதாக இருந்தது. உளியாலே அடித்த எழுத்து அந்த மைக்குக் கீழே ஒளிந்திருக்க முடியாது.

மகன் எனக்குக் கண்ணாலே சாடை காட்டினார், சொல்லவேண்டாம் என்று. ஆனால் தாயார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இல்லையோ தம்பி?" என்றார்.

"இல்லை அம்மா" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றார். ஹாண்டிலிலே வைத்த கையை எடுக்கவில்லை. "அப்ப இது ஆற்றையோ சைக்கிள். அவையளும் தேடிக்கொண்டிருப்பினம்" என்றார்.

நானாவும் தன் வேலையை விட்டுவிட்டு நின்றார். நான் சான்று, புறச்சான்று என்று பாடம் எடுத்த காலமெல்லாம், கண்டுபிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்றே எண்ணிப் பழகியவன். அந்த அம்மா கேட்ட பின்னர்தான், அந்த வண்டியின் உண்மையான கேள்வி அங்கே தொடங்குகிறது என்று விளங்கியது. சட்ட இலக்கம், செயின்வீலின் அடையாளம், முன் மட்காட்டிலே யாரோ பித்தளை ஒட்டிய ஒட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளிலே நான் எழுதிக் கொடுத்தேன். மகன் அதைப் பிரதி எடுத்துக் கைதடியிலும் சாவகச்சேரியிலும் உள்ள உறவினருக்கு அனுப்பியிருக்கிறார். இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் எழுதாமல் விட்டோம். உரியவர் என்று வருகிறவர் அதைச் சொல்லட்டும் என்று. இதுவரை ஒருவரும் வரவில்லை. சைக்கிள் அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளிலே தாயார் அதைத் துடைக்கிறார் என்று கேள்வி.

2022இலே பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையிலே நின்றபோது, பழைய சைக்கிள்கள் பலவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது. புதிய சைக்கிளின் விலை ஏறிவிட்டதால் கோடிப்புறத்திலே கிடந்த றலிகளும் றட்ஜ்களும் திருத்தக் கடைக்கு வந்தன. நானாவின் கடை வாசலிலே அத்தனை வண்டி நின்று நான் முன்னர் கண்டதில்லை. நல்ல விஷயந்தான். ஆனால் அந்த அவசரத்திலே எத்தனையோ வண்டிகள் மணற்கடதாசியாலே தேய்க்கப்பட்டு, ஸ்பிறே பெயின்ற் அடிக்கப்பட்டு, பழைய ஹப் இரும்புக்குப் போய், புதிய சில்லோடு வெளியே வந்தன. ஓடுவதற்கு அது போதும். வாசிப்பதற்கு அவற்றிலே இனி ஒன்றுமில்லை.

ஆகவே வீட்டிலே பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். பெயின்ற் அடிக்கு முன் ஒரு பின்னேரம் செலவழியுங்கள். மணற்கடதாசி வேண்டாம், கம்பிப் பிறஷ் வேண்டாம். பழைய பருத்திச் சீலைத்துண்டும் மண்ணெண்ணெயும் போதும். சீற் குழாயின் கழுத்து, பெடற் குழாயின் அடிப்பாகம், பின் ஹப், நெற்றித் தகடு, இந்த நான்கு இடத்தையும் துடையுங்கள். காணும் எண்ணையும் எழுத்தையும் உள்ளவாறே ஒரு கொப்பியிலே எழுதுங்கள். விளங்காத எழுத்தை விளங்கியதாக நினைத்து எழுதவேண்டாம். படம்போலக் கீறி வையுங்கள். வண்டி யாரிடமிருந்து வந்தது என்று வீட்டிலே மூத்தவர் சொல்வதையும் அதே பக்கத்திலே, ஆனால் வேறு நிற மையிலே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றையும் வெட்டவேண்டாம்.

அடுத்த வாரம் இதே நேரத்தில் வேறொருவர் உங்களைச் சந்திப்பார். வணக்கம்.